பவளத்தின் நிறம் சொல்லும் சேதி!

பவளம் செடியல்ல, விலங்கு. வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் வளரும் பல வகைப் பவளங்களின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தருபவை அவைதான். பவளத்தின் நிறம் மாறினால், பாதிக் காரணம் அப்போதே தெரிந்துவிடும்.

வெளுக்கிறதா? பாசிகள் வெளியேறுகின்றன. தண்ணீர் சூடாகியிருக்கலாம், புதிய விளக்கின் வெளிச்சம் அதிகமாகியிருக்கலாம். வெப்பநிலையை 25-27 டிகிரி செல்சியஸில் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

பழுப்பேறுகிறதா? வெளிச்சம் போதவில்லை அல்லது நைட்ரேட், பாஸ்பேட் கூடியிருக்கிறது. நைட்ரேட், பாஸ்பேட் கூடியிருந்தால் மீன் தீனியைக் குறைத்து, தண்ணீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

அடியிலிருந்து திசு உரிகிறதா? காரத்தன்மை திடீரென ஏறி இறங்கியதா என்று சோதிக்க வேண்டும். உப்பின் அளவையும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் இருப்பது நல்லது.

பதற்றத்தில் விளக்கு, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதால்தான் பல பவளங்கள் சாகின்றன. ஒரு மாற்றம் செய்து, சில நாள் கவனித்து, பிறகே அடுத்தது. மீன் நோய்க்கான தாமிர மருந்து மட்டும் கூடவே கூடாது. அது பவளத்துக்கு விஷம்.

கடைகளில் ஆசைப்பட்டு வாங்கும் முன் இன்னொன்று: இந்தியாவில் கல் பவளங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடா உட்பட நம் கடல்களிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.