நீதிபதிகள் பட்டியலில் நம் பெயர் எங்கே?

ஊரில் ஒரு வன்கொடுமை நடக்கிறது. காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்து, எஃப்.ஐ.ஆர். பதிவாகி, வழக்கு மாவட்டத் தலைநகரில் உள்ள சிறப்பு நீதிமன்றத்துக்கு வருகிறது. அங்கே ஜாமீன் கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. தென்மாவட்டத்து வழக்கு என்றால் மதுரைக் கிளை, மற்றவை சென்னை. அதற்கு மேல் டெல்லி.

இந்தப் பாதையில் ஒவ்வொரு படியிலும் அமர்ந்திருக்கும் நீதிபதி அங்கே எப்படி வந்தார்? முன்சீப் என்று நாம் சொல்லிப் பழகிய சிவில் நீதிபதி பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிடுகிறது. தேர்வு நடக்கிறது. 69 சதவீத இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் உண்டு. அதில் அருந்ததியர் உள்ஒதுக்கீடும் அடங்கும். உயர் நீதிமன்றம் போனதும் கதை மாறிவிடுகிறது. அங்கே அறிவிக்கை கிடையாது, விண்ணப்பம் கிடையாது, தேர்வு கிடையாது, இடஒதுக்கீடும் கிடையாது.

நாடாளுமன்றத்தில் நீதிபதிகள் நியமனம் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் அது அரசுக்கும் நீதிபதிகளுக்கும் இடையிலான அதிகாரச் சண்டையாகவே நமக்குக் காட்டப்படுகிறது. தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று இரு தரப்பும் மோதுகின்றன. தேர்ந்தெடுக்கப்படுவோர் யார் என்ற கேள்வி கடைசி வரிசையில் நிற்கிறது. நமக்கு முக்கியமானது அந்தக் கடைசி வரிசைக் கேள்விதான்.

1949 முதல் 2015 வரை

இந்த விவாதம் நாடாளுமன்றத்துக்கும் மூத்தது. 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில், தலைமை நீதிபதியின் ஒப்புதல் இல்லாமல் நீதிபதிகளை நியமிக்கக் கூடாது என்ற திருத்தம் விவாதிக்கப்பட்டது. அண்ணல் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தலைமை நீதிபதி மேலானவராகவே இருக்கலாம். ஆனால் அவரும் மனிதர், சாதாரண மக்களுக்கு உள்ள குறைகளும் விருப்பு வெறுப்புகளும் அவருக்கும் உண்டு என்றார். அதேசமயம் அரசிடம் முழு அதிகாரத்தைத் தரவும் அவர் தயாராக இல்லை. நீதிபதிகளைக் கலந்தாலோசித்து குடியரசுத் தலைவர் நியமிப்பது என்ற நடுவழியைத் தேர்ந்தெடுத்தார். அதுவே 124, 217 ஆகிய உறுப்புகளில் இடம்பெற்றது.

1993இல் உச்ச நீதிமன்றம் இந்த உறுப்புகளுக்குப் புதிய விளக்கம் தந்தது. அதில் பிறந்ததுதான் கொலீஜியம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளைத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் பரிந்துரைக்கிறார்கள். உயர் நீதிமன்றத்துக்கு, அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் மூத்த இருவரும் அனுப்பும் பெயர்கள் டெல்லிக்குப் போகின்றன. ஒன்றிய அரசு ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதே பெயரை மீண்டும் வலியுறுத்தினால் ஏற்க வேண்டும். ஆனாலும் கோப்பை மாதக்கணக்கில் கிடப்பில் போடும் பழக்கம் அரசிடம் இருக்கிறது.

2014 ஆகஸ்டில் இதை மாற்ற தேசிய நீதித்துறை நியமன ஆணையத்துக்கான 99ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. ஆறு பேர் ஆணையத்தில் தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், சான்றோர் இருவர் என்று ஏற்பாடு. அந்தச் சான்றோர் இருவரில் ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள் ஆகியோரில் ஒருவராக இருக்க வேண்டும் என்றது சட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரும்பான்மை மக்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி! அதுவும் நியமிப்பவர் நாற்காலிதான். நியமிக்கப்படும் நீதிபதிகளில் நம் பங்கு பற்றி எந்த உறுதியும் இல்லை. 2015 அக்டோபர் 16 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. நீதித்துறையின் சுதந்திரம் பாதிக்கப்படும் என்பது காரணம். அந்தக் கவலை பொய்யல்ல. ஆளும் கட்சி விரும்பியபடி நீதிபதிகள் அமைந்தால் முதலில் அடிபடுவது எளிய மக்களே.

எண்கள் சொல்வது

2018 முதல், பரிந்துரைக்கப்படுவோர் தங்கள் சமூகப் பின்னணியைத் தெரிவிக்கிறார்கள். அந்த விவரத்தை 2025 மார்ச்சில் சட்டத் துறை இணை அமைச்சர் மாநிலங்களவையில் தந்தார். 2018இலிருந்து உயர் நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர், பிற்படுத்தப்பட்டோர் 89 பேர், சிறுபான்மையினர் 37 பேர்.

22 பேர் என்பது 3 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், தமிழ்நாட்டில் 20 சதவீதம். மக்கள்தொகைப் பங்கின்படி பார்த்தால் 715இல் சுமார் 119 பேர் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒன்றிய அரசு தரும் பதில் மாறுவதே இல்லை: அரசியல் சட்டத்தில் இந்தப் பதவிகளுக்கு இடஒதுக்கீடு இல்லை, சமூகப் பன்மைக்கு உரிய கவனம் தருமாறு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நியமன முறையை மாற்ற அரசியல் சட்டத்தையே திருத்த முன்வந்த அரசு, பிரதிநிதித்துவம் என்று வந்தால் வேண்டுகோளோடு நின்றுகொள்கிறது. கொலீஜியமும் பரிந்துரை செய்யும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளில் இந்த எண்ணிக்கையைத்தான் எட்டியிருக்கிறது.

ஆள் இருந்தால் என்ன மாறும்?

நீதிபதி சாதி பார்த்தா தீர்ப்பு எழுதுகிறார் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு நிகழ்வைப் பார்ப்போம்.

2010 மே மாதம் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஓய்வு பெற்றார். அதன் பிறகு 2019 மே மாதம் பி.ஆர். கவாய் பதவியேற்கும் வரை, ஒன்பது ஆண்டுகள், உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான் 2018 மார்ச் 20 தீர்ப்பு வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று கூறி, வழக்குப் பதிவுக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு முன் அனுமதி வேண்டும், முன்ஜாமீனும் தரலாம் என்றது அது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் பந்த் நடந்தது. உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திப் பழைய வலிமையை மீட்டது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. அந்த மூன்று நீதிபதிகள் அமர்வில் கவாயும் ஒருவர்.

ஒரு தலித் நீதிபதி வந்ததால்தான் தீர்ப்பு மாறியது என்று சொல்ல முடியாது. அமர்வின் மற்ற இருவரும் அதே முடிவைத்தான் எடுத்தார்கள். ஆனால், புகார் கொடுக்கவே அஞ்சும் சேரி மக்களைப் பற்றிய சட்டம் விவாதிக்கப்பட்டபோது, அந்த அச்சத்தை வாழ்ந்து அறிந்த ஒருவர்கூட நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் இல்லை. அந்த வெறுமையை யார் நியாயப்படுத்த முடியும்?

தகுதி எங்கே தடுக்கப்படுகிறது?

தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்பது அடுத்த வாதம். ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன் 1949இல் மாவட்ட முன்சீப் ஆனார். மாவட்ட நீதிபதியாகி, 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர்ந்தார். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி அவர்தான். கீழ்ப்படியில் கதவு திறந்திருந்ததால் தகுதி வெளியே தெரிந்தது.

ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் மாவட்ட நீதித்துறையிலிருந்து வருகிறார்கள். மற்றவர்கள் வழக்கறிஞர்கள். அந்த வழியில் நுழைய, பெரிய வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர வேண்டும். சில ஆண்டுகள் சொற்ப வருமானத்தில் நகரத்தில் வாழ வேண்டும். அரசு வழக்கறிஞர் பதவி கிடைக்க வேண்டும். நீதிபதிகளின் கண்ணில் பட வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு இவற்றில் எது எளிது? தேர்வு நடத்தும் அகில இந்திய நீதித்துறைப் பணி தீர்வாகும் என்கிறார்கள். அதில் மாநில உரிமை, மொழி சார்ந்த சிக்கல்கள் உண்டு. அது எப்படியாயினும், அந்தப் பணி நேரடியாக நிரப்புவது மாவட்ட நீதிபதி பதவியைத்தான். உயர் நீதிமன்றத்தின் கதவை அது திறந்துவிடாது.

கேட்க வேண்டியது என்ன?

நியமனம் கொலீஜியம் வழியாக நடந்தாலும் ஆணையம் வழியாக நடந்தாலும் நம் கோரிக்கைகள் மூன்று. சமூகப் பிரதிநிதித்துவம் நியமன நடைமுறையில் எழுதப்பட்ட விதியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழுவும் இந்தத் திசையில்தான் பரிந்துரைத்தது. ஒவ்வோர் ஆண்டும் எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் பரிசீலிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள் என்பதை ஒவ்வோர் உயர் நீதிமன்றமும் வெளியிட வேண்டும். மாநில அரசு தன் கையில் உள்ள அரசு வழக்கறிஞர் பதவிகளில் தலித், பழங்குடி வழக்கறிஞர்களுக்கு உரிய பங்கைத் தர வேண்டும். அந்தப் பதவிகளில் இன்று இருப்பவர்களின் பெயர்கள்தான் பத்தாண்டு கழித்து நீதிபதிகள் பட்டியலுக்குப் போகும்.

வாக்கு கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சாலையும் குடிநீரும் கேட்கிறோம். 715இல் 22 ஏன் என்பதையும் சேர்த்துக் கேட்போம். சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிவில் நீதிபதி தேர்வுக்கு இப்போதே தயாராகட்டும். திறந்திருக்கும் கதவில் நுழைவதும் மூடிய கதவைத் தட்டுவதும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வேலைகள்.