முதுமை என்று எழுதிவிட்டால் போதுமா?

சென்ற மாதம் நம் சங்கப் பணிமனைக்கு ஓர் அம்மையார் வந்திருந்தார். நாற்பது ஆண்டுக் காலம் பால்மரம் வெட்டியவர். இடுப்புக்குச் சற்று மேலே, வலப்பக்கத்தில், கையகலத்துக்கு ஒரு புடைப்பு. உடல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. "தைலம் கொடுத்தாங்க. வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க" என்றார். அவர் கொண்டு வந்த சீட்டிலும் அந்த ஒரு சொல்லே இருந்தது: முதுமை.

முதுமை ஒரு நோயின் பெயரன்று. முதுகில் தெரியும் புடைப்புகள் எல்லாம் ஒன்றுமல்ல. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து திருகிக்கொண்டால், அப்பக்கத்துத் தசை வெளியே தள்ளப்பட்டு வீக்கம் போலத் தோன்றும். அதைத் தைலம் தேய்த்துக் கரைக்க முடியாது. மெத்தென்று, வலியின்றி, விரலுக்கு நகர்ந்து கொடுப்பது பெரும்பாலும் கொழுப்புக் கட்டி. மெலிவும் மாலைக் காய்ச்சலும் கூடவந்தால் எலும்பில் பற்றிய காசநோயாக இருக்கலாம். அச்சீழ்க்கட்டி தொட்டால் சூடுகூட இராது. வயதான பெண்களுக்கு எலும்பு தேய்ந்து, ஒரு வாளியைத் தூக்கும்போதே முள்ளெலும்பு நசுங்கிப்போவதுண்டு. கூன் விழுவதும் உயரம் குறைவதும் அதன் அடையாளங்களே.

நம் வேலையைத்தான் பாருங்கள். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து செல்வது. ஆகவே நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஒரே விதமாகத் திரும்புகிறோம். பட்டை குறையக் குறைய வெட்டு வேரை நோக்கி இறங்குகிறது. முதுகும் கூடவே குனிகிறது. பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து, நிறைந்த வாளியைச் சுமந்து மேடு பள்ளம் கடக்கிறோம். இத்தனையும் அந்தச் சீட்டில் எங்கே?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலையில் நேர்ந்த விபத்தை, செய்தி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்தாக வேண்டும். 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. வழுக்கி விழுந்தவர் எழுந்து பால் ஊற்றிவிட்டுப் போனால் அது விபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். அன்றே ஏட்டில் ஏறாத விழுகை, பத்தாண்டு கழித்து முதுமை ஆகிவிடுகிறது. உங்கள் பேனா அங்கேதான் வேண்டும்.

தொழிலாளர்களும் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. கால் மரத்துப் பலம் குறைந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ, அடுத்த பெரட்டு வரை காத்திராமல் அன்றே அரசாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐம்பது வயது கடந்து, முதுகு வளைந்தோ வீங்கியோ உள்ளவர் ஒவ்வொருவரையும் எக்ஸ்ரே எடுக்க அனுப்புவது நிர்வாகங்களின் கடமையென நாம் கோருகிறோம். அன்றைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. போக வர வண்டியும் வேண்டும்.

அந்த அம்மையாரை நம் தோழர்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். வளைவு ஒருபுறமிருக்க, ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. பழைய நசிவு என்றார் டாக்டர். எட்டு ஆண்டுகளுக்கு முன் மேட்டுக்காட்டில் பால் வாளியோடு விழுந்த நாளை அவர் இன்னும் மறக்கவில்லை. தோட்டத்து ஏட்டில் அந்நாளுக்கு எதிரே அவர் பெயரும், ஊற்றிய பாலின் அளவும் மட்டுமே இருக்கின்றன.