தினமும் துடைத்தே தேய்ந்துபோன கார்!

அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். காலையில் காபி குடிக்கிறாரோ இல்லையோ, காரைத் துடைத்துவிடுவார். தோளில் கிடக்கும் துண்டால் பானெட்டிலிருந்து டிக்கி வரை ஒரே தேய்ப்பு. கறுப்பு நிற கார். "பிள்ளை மாதிரி வச்சிருக்கேன் மாப்ள" என்பார்.

போன மாதம் மகளின் காலேஜ் ஃபீஸுக்காக அந்த காரை விற்க வேண்டியதாகிவிட்டது. வாங்க வந்தவர், நிழலில் நின்ற காரை வெயிலுக்கு எடுத்து நிறுத்தச் சொன்னார். மேலெல்லாம் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்கள். பேசிய விலையில் 20,000 ரூபாயைக் குறைத்துவிட்டார். மாமாவுக்குப் பணம் போனதைவிட, "பராமரிக்காத வண்டி" என்று அவர் சொன்னதுதான் வலித்தது.

தினமும் துடைத்த காருக்கா இந்தக் கதி? தினமும் துடைத்ததால்தான் இந்தக் கதி!

புழுதி + துண்டு = உப்புத்தாள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும் கரிசல் மண், கோடையில் மாவாகப் பறக்கும். அதில் பொடி மணலும் கலந்திருக்கும்.

கார் தகட்டின் மேல் பிரைமர், அதன் மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். பளபளப்பைத் தருவதும் வெயிலை முதலில் தாங்குவதும் இதுதான். இதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடி அளவுகூடத் தேறாது! புழுதியோடு காய்ந்த துணியைப் போட்டுத் தேய்த்தால், மணல் துகள்கள் உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும்.

"குடிக்கிற தண்ணியே விலைக்கு வாங்குறோம். காருக்குத் தினமும் எங்க போறது?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: தினமும் துடைக்கவே வேண்டாம். தூசி சும்மா இருந்தால் பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, தேய்த்தால்தான் ஆபத்து. தூசி படிந்த கார் மேல் கவர் போடுவதும் தப்பு. காற்றில் ஆடி ஆடி அதுவும் கீறும். பறவை எச்சத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டு, ஊறியதும் ஒற்றி எடுங்கள்.

வாரம் ஒருமுறை, ரெண்டு வாளி

* காலையிலோ மாலையிலோ, நிழலில், பானெட் சூடு ஆறிய பிறகு கழுவுங்கள்.
* முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை இறக்குங்கள்.
* ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்பூவில் முக்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், பழைய வாக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.
* போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

பாலிஷ் வேறு, வாக்ஸ் வேறு

பலரும் குழம்புகிற இடம் இது. பாலிஷ், கிளியர் கோட்டை லேசாகச் சீவிக் கீறலை மறைய வைக்கும். அடிக்கடி போட்டால் கோட்டே காலி. வாக்ஸ் எதையும் சீவாது, மேலே மெல்லிய ஒரு படலமாக உட்காரும். கீறலைப் போக்காது. ஆனால் வெயில், தூசி, எச்சம் எல்லாவற்றையும் முதலில் அது தாங்கிக்கொள்ளும்.

கழுவிக் காய்ந்த காரில், கதவு கதவாக, மெல்லிசாகத் தடவுங்கள். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். வெயிலில் நிற்கும் கார் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடலாம். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள வேண்டும். பரவி நின்றால், அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மேட் ஃபினிஷ் காருக்கு மட்டும் இந்த வாக்ஸ் ஆகாது.

கடையில் 'கார்னாபா' என்று போட்டிருக்கும் வாக்ஸ் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிரேசிலின் வடகிழக்கில், நம்ம பக்கம் மாதிரியே காய்கிற ஊர்களில் வளரும் ஒருவகைப் பனை. ஈரம் ஆவியாகாமலிருக்க ஓலை மேல் அதுவே பூசிக்கொள்ளும் மெழுகுதான் இது. வெயிலைச் சமாளிக்கும் வித்தை வறண்ட பூமி மரத்துக்குத்தானே தெரியும்!

மாமாவிடம் இப்போது ஸ்கூட்டர்தான். நேற்று போனில் சொன்னார்: "தொடைக்கிறத விட்டுட்டேன் மாப்ள. ஞாயித்துக்கிழமை ரெண்டு வாளிதான்!"

உங்கள் வீட்டில் தோளில் துண்டோடு காரை நோக்கிப் போகிறவர் யாராவது இருந்தால், இன்றைக்கே இதைக் காட்டிவிடுங்கள்.