வாசற்படியோடு நிற்கும் வாக்கர்! கரிசல் காட்டில் நடக்க வண்டி கிடைக்குமா?

நோயில் இருந்து பிழைத்து வந்தவர்கள், கரிசல் மண்ணில் கால் வைக்க முடியாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் திண்ணையில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம்.

ஒருவருக்குப் பக்கவாதம். இன்னொருவருக்கு இடுப்பு எலும்பு முறிவு. டாக்டர்கள் பாடுபட்டு உயிரைக் காப்பாற்றி விடுகிறார்கள். "இனிமே மெதுவா நடங்க" என்று சொல்லி, ஒரு வாக்கர் வாங்கச் சொல்லி அனுப்புகிறார்கள்.

நடக்கலாம், சரி. எங்கே நடப்பது?

வாக்கர் என்பது அலுமினியக் குழாயில் நான்கு கால். அடியில் ரப்பர் குமிழ். ஆஸ்பத்திரி வராந்தாவில் அது ஜோராக நிற்கும். சிமெண்டு தரையிலும் நிற்கும். வாசற்படியைத் தாண்டினால் அதன் கதை முடிந்தது!

கரிசல் மண்ணின் குணம் அப்படி. தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் வாக்கரின் ஒரு கால் இறங்கினால், பிடித்திருக்கும் ஆளும் சேர்ந்து விழ வேண்டியதுதான். ஐப்பசி மழை பெய்து விட்டாலோ, அதே மண் பசையாக அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும்.

"மூணு மாசம் சீக்கு படுக்க வச்சிது. இப்ப மண்ணுல்ல படுக்க வச்சிருக்கு" என்று ஒரு சம்சாரி சொன்னால், அதில் தப்பு உண்டா?

இரண்டு கூலி நஷ்டம்

வீட்டுக்குள் முடங்கினால் என்ன ஆகும்? நடக்காத கால் சூம்பும். பலம் குறையக் குறைய மறுபடியும் விழுவார். மறுபடியும் ஆஸ்பத்திரி.

அது மட்டுமா? டீக்கடை போச்சு. ரேஷன் கடை போச்சு. பருத்திக் காட்டை ஒரு எட்டு பார்த்து வருவதும் போச்சு. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் நாலு காசு பார்த்த அம்மாவுக்கு அதுவும் இல்லை. கூடத் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் அவர் கூலியும் போகிறது. ஒருவர் படுத்தால் இரண்டு பேர் சம்பாத்தியம் நின்று விடுகிறது.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது.

சுவீடன் நாட்டில் போலியோவால் பாதிக்கப்பட்ட அய்னா விபால்க் என்ற பெண்மணி, 1978-ல் சக்கரம் வைத்த தள்ளு வாக்கரை உருவாக்கினார். நோயின் கஷ்டம் தெரிந்தவர் செய்த வண்டி அது. பின்னால் அதே நாட்டில், காட்டுப் பாதையிலும் கல் ரோட்டிலும் போகும்படி பெரிய காற்று டயர் போட்ட வாக்கர்களும் வந்தன. அதற்கு கையில் பிரேக் உண்டு. களைத்தால் உட்கார இருக்கை உண்டு.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழும். பெரிய சக்கரம் பள்ளத்துக்கு மேலேயே உருண்டு போய்விடும். நம்ம ஊர் மாட்டு வண்டிக்கு அவ்வளவு பெரிய சக்கரம் எதற்கு? இதற்குத்தான்!

தமிழ்நாட்டிலும் மூளை இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'நியோபோல்ட்' என்ற மோட்டார் இணைப்பு 2020-ல் வந்தது. சக்கர நாற்காலியோடு அதை மாட்டினால், மேடு பள்ளமான பாதையிலும் மணிக்கு 25 கிலோ மீட்டர் வேகம் வரை போகலாம். உட்கார்ந்து போகிறவருக்கு அது வந்து விட்டது. தட்டுத்தடுமாறி நடக்கிறவருக்கு கரிசலில் தள்ளிப் போக ஒரு வண்டி வேண்டாமா?

மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'ராஷ்டிரிய வயோஸ்ரீ' திட்டத்தில், ஏழை முதியவர்களுக்கு ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கான்பூரில் பொருள் செய்கிறவர்களுக்கு நம்ம கரிசலைத் தெரியுமா?

பயிருக்கு உண்டு, மனுஷனுக்கு?

கோவில்பட்டியில் 1901-ல் இருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தியா, சோளமா, கம்பா, எது வந்தாலும் "இந்த மண்ணுக்கு ஒத்து வருமா?" என்று விதைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள். விதைக்கு இருக்கும் இந்த மரியாதை, நடக்க முடியாத மனிதருக்கு வேண்டாமா?

வண்டியையும் இந்த மண்ணில் உருட்டிப் பார்க்க வேண்டும். சீமைக் கருவேல முள் குத்தினால் காற்று டயர் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். முள் ஏறாத கெட்டி ரப்பர் டயர் நல்லதா என்றும் பார்க்கலாம். பஞ்சர் ஆனால் சைக்கிள் கடையிலேயே சரி செய்கிற மாதிரி, குழந்தைகள் சைக்கிளின் சக்கரம் பொருந்தினால் ரொம்ப நல்லது. இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைக்க கோவில்பட்டியில் ஆளுக்கா பஞ்சம்? என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும்.

எல்லோருக்கும் இது சரிப்படாது என்பதும் உண்மை. ஒரு கை அடியோடு விழுந்தவர் இரண்டு பிரேக்கைப் பிடிக்க முடியாது. இறக்கத்தில் வண்டி ஆளை இழுத்துக்கொண்டு ஓடவும் கூடும். பிசியோதெரபி நிபுணர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு அளவுக்குக் கைப்பிடி இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கப் பழக்க வேண்டும்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டு வந்தது. கட்டிலில் கொடுக்கும் பயிற்சியோடு நிறுத்தாமல், நோயாளியைத் தெருவில் இறக்கி நடக்க வைப்பதையும் சேர்க்க வேண்டும்.

அடைமழையில் மாட்டு வண்டியே சிக்கிக்கொள்ளும் மண் இது. எந்த வண்டியும் அப்போது ஓடாது. அதனால் வீட்டு வாசலில் இருந்து தெரு வரைக்கும் சரளை கொட்டிக் கெட்டித்த ஒரு நடைபாதையும் வேண்டும். ஊராட்சி மனசு வைத்தால் இது பெரிய செலவு இல்லை.

முதலில் பத்து வண்டி செய்து, பத்து கிராமத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கோடை, ஒரு மழை தாங்கினால் அதை அரசு இலவசப் பட்டியலில் சேர்க்கட்டும்.

உயிரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அந்த உயிர் தெருவுக்கு வர வேண்டும். மாவட்ட கலெக்டர் கவனிப்பாரா?