தடைக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில், வெளியூர் சென்று முடிக்க வேண்டிய காரியங்கள் பலவும் மீன்பிடித் தடைக்காலத்துக்குத் தள்ளிவைக்கப்படுவது இயல்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்; குழந்தையின் தந்தையும் வீட்டில் இருப்பார். அப்போது அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ சென்று காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு குடும்பம் எண்ணுவதை நாங்கள் குறைகூற மாட்டோம். ஆனால் கைக்குழந்தையின் உதடு அளவுக்கு மீறிப் பெருத்துக் காணப்பட்டால், அந்தக் காத்திருப்பு கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். பெற்றோரைப் போலவே குழந்தைக்கும் உதடு தடிப்பாக அமைந்திருப்பது நோயன்று. அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் மட்டும் பெருத்திருப்பது, நாளுக்கு நாள் வளர்வது, நிறம் மாறுவது, பால் குடிக்கத் தடையாவது ஆகியவையே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். மருத்துவர்கள் இதை மேக்ரோகீலியா என்பர். அது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான தோற்றத்தின் பெயர். காரணம் எதுவென அறியாமல் மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை.

ஹீமான்ஜியோமா எனப்படும் இரத்தக்குழாய்க் கட்டியை எடுத்துக்கொள்வோம். பிறந்த சில வாரங்களில் செம்புள்ளியாகத் தோன்றி, முதல் ஐந்து மாதங்களுக்குள் வேகமாக வளரும்; பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். 'தானே வற்றிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இதனால்தான். மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை: உதட்டில் வரும் கட்டி எளிதில் புண்ணாகும், வலியால் குழந்தை பாலை மறுக்கும், வற்றிய பின்னும் உதட்டின் வடிவம் திரும்பாமல் போகலாம். 2008ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனலால் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் கட்டி சுருங்கியதைத் தற்செயலாகக் கண்டு வெளியிட்டனர். இன்று அதுவே முதன்மை மருந்து. வளர்ச்சி வேகமாக இருக்கும் மாதங்களில் தொடங்கினால்தான் அதன் முழுப் பயன் கிட்டும். அக்டோபரில் பிறந்த குழந்தைக்கு ஏப்ரல் பாதி என்பது அந்த மாதங்கள் கடந்துவிட்ட காலம். ஒரு மாத வயதிலேயே காட்டிவிடுவது நல்லது. இம்மருந்தை வீட்டில் கொடுப்போர், குழந்தை பால் குடிக்காத வேளையிலும் வாந்தி எடுக்கும்போதும் கொடுக்காமல் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்; இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

நிணநீர்க் குழாய்களின் பிறவிக் கோளாறு வேறு வகை. அது தானாக வற்றாது. சளி, காய்ச்சல் வரும்போது மேலும் வீங்கும். சிரைக் கோளாறு நீலம் பாய்ந்து, குழந்தை அழும்போது பருக்கும். இவற்றுக்கு ஊசிவழிச் சிகிச்சையும் சில வேளை அறுவையும் தேவைப்படும். சிரிக்கும்போது மேலுதட்டின் உள்ளே இன்னோர் உதடு போல மடிப்புத் தெரிவது இரட்டை உதடு. சிறிய அறுவையில் சீராகிவிடும். (நன்றாக இருந்த உதடு சில நிமிடங்களில் திடீரென வீங்கினால் அது பிறவிக் குறையன்று. ஒவ்வாமையாக இருக்கலாம், மூச்சு அடைக்கும் முன் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.)

கிரகணத்தின்போது தாய் கத்தியைத் தொட்டதால் வந்தது என்னும் பேச்சுக்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை. பிள்ளை பெற்ற களைப்போடு பழியையும் அவள் ஏன் சுமக்க வேண்டும்?

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் உதட்டு அறுவை என்றதும் 'அழகு சிகிச்சை' என ஒதுக்கிவைக்கும் மனப்போக்கு அலுவலகங்களில் மட்டுமன்றி உறவினர் இடையிலும் உண்டு. வாய் மூடாத குழந்தைக்கு எச்சில் வழிகிறது, ப, ம என்னும் எழுத்துகள் திருந்த வருவதில்லை, பல்வரிசை கோணுகிறது. இதில் அழகு எங்கே வந்தது? இக்குறைகளை மருத்துவக் குறிப்பில் தெளிவாக எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவின் பட்டியலில் உதட்டுப் பிளவு உண்டு, உதட்டுப் பெருக்கம் இல்லை. இருந்தாலும் அவர்களிடம் காட்டுங்கள். மாவட்ட அளவில் அனுப்பிவைக்க அவர்களால் இயலும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. அமிலவீச்சால் முகம் சிதைந்தோர் அதில் உள்ளனர், அது நியாயமே. பிறவியிலேயே முகம் மாறியவர்களுக்கு அங்கே தனி இடமில்லை. பள்ளியில் 'உதடன்' என்றும் 'மூளி' என்றும் அழைக்கப்படும் பிள்ளைக்கு, முகம் எப்படி மாறியது என்பதால் துன்பம் குறைந்துவிடுவதில்லை. அந்தப் பட்டியலைத் திருத்தும் நாளில் இவர்களையும் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் கோருகிறோம்.