சிங்கத்தின் பாடலும் ஒரு வழக்கறிஞரும்



சென்ற மாதம் எங்கள் பள்ளியில் தொழில் வழிகாட்டி வாரம் நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தான் வழக்கறிஞராக விரும்புவதாகக் கூறினாள். பாட்டுப் போட்டி என்றால் முதலில் கையை உயர்த்துபவள் அவள். “அப்படியானால் பாட்டை விட்டுவிடுவாயா, அம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என் அறியாமை எனக்கே உறைத்தது. வழக்கறிஞர் என்றதும் பெற்றோருக்கும் நமக்கும் கொலை வழக்கும் வீடு வாங்கும் பத்திரமுமே நினைவுக்கு வருகின்றன. ஒரு பாட்டுக்காகவே நீதிமன்றம் ஏறியவர்களும் இருக்கின்றார்கள். அவர்களுள் ஒருவரைப் பற்றிக் கூறவே இப்பதிவு.

1939-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் நகரில் சாலமன் லிண்டா என்னும் சூலு இனப் பாடகர் தம் குழுவினருடன் ‘ம்புபே’ என்னும் பாடலைப் பதிவு செய்தார். அச்சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். பத்துச் சில்லிங்கிற்கு அப்பாடலின் உரிமையை அவர் கொடுத்துவிட்டதாகக் கூறுவர். பாடல் கடல் கடந்தது. 1961-இல் அமெரிக்காவில் ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று புதிய சொற்களுடன் உருமாறி உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே லிண்டா வறுமையில் மறைந்தார். 1994-இல் டிஸ்னி நிறுவனத்தின் ‘தி லயன் கிங்’ திரைப்படத்திலும் அப்பாடல் ஒலித்தது. நம் பிள்ளைகளுக்கும் அம்மெட்டு தெரியும். இயற்றியவர் பெயரை எத்தனை பேர் அறிவர்?

லிண்டாவின் மனைவியும் மகள்களுங்கூடப் பின்னாளில் உரிமையை எழுதிக் கொடுக்கும் தாள்களில் கையொப்பமிட்டிருந்தனர். இனி என்ன வழி என்று எவரும் கைவிட்டிருக்கக்கூடிய நிலை. அங்கேதான் ஓவன் டீன் என்னும் பதிப்புரிமை வழக்கறிஞர் வருகின்றார். 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முற்பட்ட படைப்புகளுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதை முனைவர் பட்டத்திற்காக ஆய்ந்தவர் அவர். இதைப் படித்து என்ன பயன் என்று உறவினர்கள் கேட்கக்கூடிய தலைப்புதான்!

அந்தப் பழஞ்சட்ட அறிவே கைகொடுத்தது. 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. படைப்பாளர் தம் வாழ்நாளில் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அது அவருடைய மரபுரிமைச் சொத்துக்கே திரும்பிவிடும். லிண்டா இறந்தது 1962. ஆகவே 1987-இல் உரிமை திரும்பிவிட்டது. திரைப்படமோ 1994-இல் வந்தது. குடும்பத்தார் இட்ட கையொப்பம் இவ்வுரிமையைக் கட்டுப்படுத்தாது என்பது டீனின் வாதம். அது சொத்தின் நிருவாகியிடம் சேர வேண்டியது, அப்படி ஒருவர் அதுவரை நியமிக்கப்படவே இல்லை.

எனினும் அயல்நாட்டு நிறுவனத்தை உள்நாட்டு நீதிமன்றத்திற்கு எவ்வாறு இழுப்பது? அங்குள்ள அதன் சொத்தை முடக்க வேண்டும். 2004-இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தின் ஆணை பெற்று, தென்னாப்பிரிக்காவில் பதிவாகியிருந்த டிஸ்னியின் வணிகச் சின்னங்களை முடக்கினார்கள். மிக்கி மௌஸும் அவற்றுள் அடங்கும். எலி மாட்டிக்கொண்டதால் சிங்கத்திற்கு நீதி கிடைத்தது என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நேர்மையாகச் சொல்வதானால், டிஸ்னி அப்பாடலை உரிமம் பெற்றே பயன்படுத்தியிருந்தது. 2006 பிப்ரவரியில் அவ்வுரிமத்தை வழங்கிய இசை நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. கடந்த காலத்திற்கு ஒரு தொகை, வருங்காலத்திற்கு உரிமப் பங்கு, இணை இசையமைப்பாளராக லிண்டாவின் பெயர் ஆகியவற்றைக் குடும்பம் பெற்றது.

அந்த 1911-ஆம் ஆண்டுச் சட்டம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் நடைமுறையில் இருந்தது. நம் பாட்டன்மார் காலத்துச் சட்டம்.

இதனை நான் இத்துணை விரிவாக எழுதுவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்திற்காகப் பன்னிரண்டு சிறுவர் பாடல்கள் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பாடவேளைகளுக்கு இடையே, ஆசிரியர் அறையில் நின்றபடியே, 300 ரிங்கிட்டைப் பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டேன். நான்கு பக்கத் தாள். ஒரு வரியும் படிக்கவில்லை. பின்னர் அப்பாடல்கள் கைப்பேசிச் செயலியாக வந்தன. என் பெயர் எங்கும் இல்லை. வினவியபோது அத்தாளை எடுத்துக் காட்டினார்கள். வாயடைத்துத் திரும்பினேன். பயிற்சிக் கல்லூரியில் பாடல் இயற்றக் கற்றோம், மதிப்பீடு கற்றோம். ஒப்பந்தத்தைப் படிக்க ஒருவரும் கற்பிக்கவில்லை.

அண்மையில்தான் நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைப் புரட்டினேன். அதன் 25-ஆம் பிரிவு, பொருளியல் உரிமை ஒருபுறமிருக்க, படைப்பாளர் என்று அடையாளங்காட்டப்படும் உரிமையைத் தனியே பேசுகின்றது. பாட்டை விற்றவன் பெயரையும் சேர்த்து விற்றவன் ஆகிவிடுவானா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் அன்றே கேட்டிருக்க வேண்டும்.

நானும் தூயவன் அல்லேன். தேர்வு நெருங்கினால் பிறருடைய பயிற்றிகளை ஒளிநகல் எடுத்து, மேலே உள்ள பெயரை மறைத்து வகுப்பில் கொடுத்தவனே. கற்பித்தலுக்குச் சட்டம் சில சலுகைகளை அளிக்கலாம். பெயரை மறைப்பதற்கு என்ன சாக்குச் சொல்வது? இப்போது பெயரை மறைப்பதில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மொழியையும் பாட்டையும் நேசித்து, சட்டமும் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். நான்காண்டுச் சட்டப் பட்டப்படிப்பு, அதன்பின் ஒன்பது மாதப் பயிற்சி. கோலாலம்பூரில் 2007-இலேயே அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனி நீதிமன்றம் அமைந்துவிட்டது. இத்துறையினர் பெரும்பாலும் பெருநிறுவனங்களுக்கே வாதாடுவார்கள் என்று நண்பர் ஒருவர் மறுத்தார். உண்மையாகவே இருக்கலாம். ஏழைப் பாடகனுக்கும் எழுத்தாளனுக்கும் வாதாட நம்மிலிருந்தும் சிலர் போக வேண்டும் என்பதற்கு அதுவே காரணமாகின்றது.

அம்மாணவியிடம் மறுநாள் என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். “சார், உங்க பாட்டுக்கு நான் கேஸ் போடட்டுமா?” என்றாள். அவள் படித்து முடிக்கும் வரை காத்திருக்க இயலாது. பதிப்பகத்திற்கான கடிதத்தை இவ்வாரம் நானே எழுதத் தொடங்கியுள்ளேன்.