வாடைக்கு முன் பானை நிறையட்டும்

சென்னையை அடுத்த கோவளத்தில் மீன் ஏலம் முடிந்து வெயில் ஏறும் நேரம். கடற்கரையிலிருந்து ஊருக்குள் போகும் தெருவில் ஒரு மளிகைக் கடை வாசலில் நின்றிருந்தோம். அன்னக்கூடையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு அம்மாவுக்கு வேண்டியிருந்தது நூறு கிராம் துவரம்பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய் மிளகாய்த்தூள் ஒன்று, நாலு தக்காளி. “அரைக்கிலோவா வாங்கிக்கங்கக்கா, கொஞ்சம் மிச்சமாவும்” என்றார் கடைக்காரர். “இன்னிக்கு வந்த காசு இவ்ளோதான் தம்பி. நாளைக்கு வலையில ஏதாச்சும் ஏறுனா நாளைக்கு வாங்குறேன்” என்று சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார் அவர்.

அந்த வீட்டில் இன்றைய அடுப்பு எரிந்துவிடும். நாளைக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் எரியாது.

‘மாசச் சாமான்’ என்ற சொல் இந்தக் கரையில் பல வீடுகளில் வழக்கொழிந்து வருகிறது. முதல் தேதி லிஸ்ட் எழுதி, மூட்டை கட்டி, அஞ்சறைப்பெட்டியை நிரப்பிய குடும்பங்கள் இப்போது அன்றாடம் பொட்டலம் வாங்குகின்றன. கையில் காசு நிற்கவில்லை என்பதே காரணம். மத்திய அரசின் 2023–24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பம் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 47 ரூபாய் வயிற்றுக்கே போகிறது; நகரத்தில் ஏறக்குறைய 40. செலவில் ஏறக்குறைய பாதி சாப்பாட்டுக்கே சரியாகிவிடும் வீட்டில் விலை கொஞ்சம் அசைந்தாலும் முதலில் அடிவாங்குவது பருப்பும் எண்ணெயும்தான்.

விலைவாசி குறைந்துவிட்டதே என்று புள்ளிவிவரம் காட்டுவோர் உண்டு. 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம், 2025 அக்டோபரில் அது சுழியத்துக்கும் கீழே இறங்கியது. காய்கறி மலிந்ததால் வந்த இறக்கம் அது, உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதத்திலும் சமையல் எண்ணெய் விலை இரட்டை இலக்கத்தில்தான் ஏறியிருந்தது. அந்த ஆண்டு தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனதைக் குழம்பு வைப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முந்திய ஆண்டு ஏறியதில் ஒரு பகுதி இறங்குவதைத்தான் புள்ளிவிவரம் ‘தணிவு’ என்கிறது. ஏறிய எல்லாம் இறங்கிவிடவில்லை.

ஏறியது தெரியாமலே ஏறும் வழியும் இருக்கிறது. அஞ்சு ரூபாய்ப் பொட்டலம் பத்து வருஷமாக அஞ்சு ரூபாய்தான். உள்ளே இருப்பதுதான் இளைத்துக்கொண்டே போகிறது. பிஸ்கட், சோப்பு, மசாலாத்தூள் எல்லாவற்றிலும் இதே கதை. இன்னின்ன பொருளை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் ஓர் அட்டவணை இருந்தது. 2021-ல் விதியைத் திருத்தி அதை நீக்கிவிட்டார்கள். மாற்றாக, ஒரு கிராம் என்ன விலை என்று பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்றார்கள். நல்ல விதி. ஆனால் பத்து கிராமும் அதற்குக் குறைவுமான பொட்டலத்துக்கு அந்த விதிகளிலிருந்தே விலக்கு உண்டு. ஏழை வாங்கும் பொட்டலம் எதுவோ, அதில்தான் விலையைச் சொல்லத் தேவையில்லை! தனியார் கம்பெனிதான் இப்படி என்றும் ஆறுதல் கொள்ள முடியாது. 2023-ன் கடைசியில் ஆவின் பச்சைப் பாக்கெட்டை நிறுத்தப்போவதாகச் சொல்லி, 4.5 சதவீதக் கொழுப்பு இருந்த இடத்தில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள ‘டிலைட்’ பாலைக் கொண்டுவந்தது. விலை மட்டும் மாறவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சும் பாலில் ஆடை குறைந்ததை அம்மாக்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

எண்ணெய்க் கணக்கு இதைவிடக் கவலை தருவது. நாடு பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் ஏறக்குறைய 60 சதவீதம் கப்பலில் வருகிறது. 2022 ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, கோவளத்தில் வடை சுடும் கடைக்காரருக்கும் அது தெரிந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை ஒரே நாளில் 5.5-லிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. தீபாவளிப் பலகாரம் சுடும் நேரத்தில் அது சட்டிக்கு வந்து சேர்ந்தது. மறு வருஷம் மே கடைசியில் வரியைக் குறைத்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவே இந்த மாநிலத்துக் குடும்பங்களைத் தாங்கி நிற்பது நியாயவிலைக் கடை. 2011 முதல் விலையில்லா அரிசி, 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். வேறு எந்த மாநிலத்தைக் காட்டி இதைவிட மேல் என்று சொல்ல முடியும்? அதனால்தான் அது பிசகும்போது இவ்வளவு வலிக்கிறது. அதே திட்டத்தில் கிடைத்த உளுந்து 2017-ல் நின்றது நின்றதுதான். மண்ணெண்ணெய் ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு சுருங்கியது. 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் பல கடைகளில் முழுதாக வந்து சேரவில்லை. தேர்தல் நடத்தை விதியால் கொள்முதல் தள்ளிப்போனது என்றார்கள், மே மாதத்துப் பொருளை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதங்களிலும் அதே அறிவிப்பு வந்தது. மே மாதத்துப் பசியை ஜூனில் ஆற்றிக்கொள்ள முடியுமா?

நாம் எச்சரிக்கை மணி அடிப்பது தேதிகளைப் பார்த்துத்தான். 2015-ல் சென்னையை மூழ்கடித்த பெருமழை டிசம்பர் 1. மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியது 2022 டிசம்பர் 9 இரவு. மிக்ஜாம் மழை 2023 டிசம்பர் 4. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. நான்கும் ஒரே பத்து நாள் இடைவெளிக்குள் வருகின்றன. அது மாதம் பிறந்து ரேஷன் பொருள் இறங்குகிற நேரம். புயல் எச்சரிக்கை வந்தால் ஃபைபர் படகு கரையிலேயே கிடக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரம் விழுந்தால் லாரி வராது. மின்சாரம் நின்றால் இண்டக்‌ஷன் அடுப்பு வெறும் தட்டு. கேன் தண்ணீர் வண்டியும் வராது. 2015-ல் சென்னையில் பால் பாக்கெட் 100 ரூபாய்க்கு விற்றதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தோமே, அதற்குப் பிறகு நம் வீட்டு அலமாரியில் என்ன மாறியது?

இதே கடலின் அந்தக் கரையைப் பாருங்கள். 2022-ல் இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசை நின்றது. செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். தனுஷ்கோடிக்குப் படகேறி வந்த குடும்பங்கள் உயிருக்குப் பயந்து மட்டும் வரவில்லை, பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்லாமலும் வந்தன. தமிழ்நாடு 40,000 டன் அரிசி அனுப்பியது. பெருமைப்பட வேண்டிய செயல். அடுத்த வீட்டுக்கு மூட்டை அனுப்பத் தெரிந்த அரசுக்குத் தன் கரையோரத்து வீட்டில் இரண்டு வார இருப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் தெரிய வேண்டும்.

இருப்பு வைப்பது நமக்குப் புதிதில்லை. மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் வருஷத்துக்கு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி மண்பானையில் அழுத்திவைத்த கைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. சித்திரை வெயிலில் சின்ன வெங்காயமும் பூண்டும் உளுந்தும் கடுகும் வெந்தயமும் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம் ஒரு உருண்டை போதும், மழைநாளில் வெறும் புளித்தண்ணியும் மீன்குழம்பு மணக்கும். நெத்திலியும் காரப்பொடியும் மலிந்த நாளில் கருவாடாகிப் பரணில் ஏறும். இப்போது மிஞ்சும் பொடிமீன் லாரி ஏறிக் கோழித் தீவனமாகிறது. உப்பளம் பக்கத்திலிருக்கும் ஊரில் கருவாட்டைப் பாக்கெட்டில் வாங்குகிறோம். மழைக்காலத்தில் கருவாடு காயாது. கோடையில் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

ஆனால் அன்றாடங்காய்ச்சியிடம் போய் ‘சேமித்து வை’ என்று சொல்வது அநியாயம். முதல் வேண்டும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் ஒருவர் 1,500 ரூபாய் கட்டுகிறார், அரசுகளின் பங்கோடு 4,500-ஆகத் திரும்பக் கிடைக்கிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் கைக்கு வந்தால் அது அரிசியும் பருப்புமாகும். பிந்தி வந்தால் வட்டிக்காரர் கைக்குப் போகும். புரட்டாசி முடிவதற்குள் அதைப் பட்டுவாடா செய்யுங்கள் என்று மீன்வளத் துறையைக் கேட்கிறோம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கான பருப்பையும் பாமாயிலையும் செப்டம்பர் கடைசிக்குள் கரையோரக் கடைகளில் இறக்கிவிடுங்கள் என்று உணவுத் துறையைக் கேட்கிறோம். இரண்டு மாதத்துப் பங்கைச் சேர்த்து வாங்க அட்டைதாரருக்கு அனுமதியும் வேண்டும். பத்து கிராம் விலக்கை நீக்க வேண்டியது மத்திய அரசின் வேலை.

மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒரு வேண்டுகோள். இருபது வீடு சேர்ந்து மூட்டையாக எடுத்தால் பொட்டலத்துக்குக் கொடுக்கும் விலையில் நல்ல பகுதி மிஞ்சும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், புளி, உப்பு, தீப்பெட்டி, மூடியுள்ள இரண்டு குடம். வாரம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். வசதியுள்ளவர்கள் புயல் செய்தி கேட்டபின் கடைக்கு ஓடி மூட்டை மூட்டையாக அள்ளாதீர்கள். நீங்கள் அள்ளுவது அந்த அன்னக்கூடை அம்மாவின் நூறு கிராமை.

அக்டோபர் முதல் வாரம் கோவளத்து நியாயவிலைக் கடைக்குப் போவோம். இருப்புப் பலகையில் துவரம்பருப்புக்கும் பாமாயிலுக்கும் நேரே என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே இந்தப் பக்கத்தில் அச்சிடுவோம்.